காத்தாயி கேட்ட ஒன்பதாம் வகுப்பு

காத்தாயி விளக்குமாற்றை எடுத்தால், உக்குவளைக்கு மேலேயிருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தூசி ரயில் ஏறிக் கண்டிக்கே போய்விடும் என்பார்கள். அதில் பாதி பொய். மாத்தளை வரைதான் போகும்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்ற வருஷம் அவளுக்கு அங்கே கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அப்போது ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பும் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தும். வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் மறந்தாலும் கூரைத் தகரம் ஒப்பிக்கும். பிறகு ஒவ்வொன்றாக ஏறி எட்டாம் வகுப்பில் வந்து நின்றது. அதற்கு மேல் படிக்க மாத்தளைக்குப் பஸ் ஏற வேண்டும். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பார்த்த தாய்மார் பொம்பளைப் பிள்ளைகளை அந்தப் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். காத்தாயியும் அவர்களில் ஒருத்தி. எண்பத்தைந்து முடிவில் அவளுடைய மகள் புஷ்பவதி எட்டாம் வகுப்பை முடித்தாள். இங்கேயே ஒன்பதாம் வகுப்பு திறக்காவிட்டால் அவள் முதுகிலும் கொழுந்துக் கூடைதான்.

கல்வி அதிகாரிகளின் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்து பிள்ளைகள் இருந்தால் வகுப்பு நடத்தலாம். அதிகாரி நேரில் வந்து பேர் கூப்பிட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூடத்து அதிபர் அழகையா படிக்கிற பிள்ளைகளை எண்ணினார். ஆறு.

"ஆறைப் பதினஞ்சாக்க நான் என்ன மந்திரவாதியா, காத்தாயி?"

"மிச்சம் ஒம்பதும் மலையில நிக்குதுங்க சார். எட்டு முடிச்சிட்டுக் கொழுந்து பறிக்கிறதுங்க. நான் கொண்டாறேன்."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். தாய்மாரிடம் கெஞ்சினாள், பிள்ளைகளிடம் கெஞ்சவே வேண்டியிருக்கவில்லை. கங்காணி முத்துவீரன்தான் மசியவில்லை.

"ஒம்பது பேரு போனா என் மலைய யாரு பாக்குறது? நீ விளக்கமாத்தால பறிப்பியா?"

"அனுப்பாட்டிப் போங்க. பிள்ளைங்கள யாரு மறிச்சதுன்னு கந்தோர் ஐயா கேட்டா ஒங்க பேரத்தான் சொல்லுவேன். பேர எழுதிக்கிட்டாருன்னா அது கொழும்பு வரைக்கும் போகுமாம்."

அப்படியெல்லாம் எதுவும் போகாது. ஆனாலும் கங்காணி ஒன்பது பேரையும் விட்டுவிட்டார்.

அதிகாரியின் பெயர் பலீல். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பை, சிரிக்காத முகம். பேர்ப் பதிவு இடாப்பை விரித்து முதல் பேரைக் கூப்பிட்டார்.

"வேலம்மா."

"இருக்கேனுங்க!" இரண்டு வருஷம் கொழுந்து பறித்த வேலம்மா எழுந்தாள். நேரே வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டாள்.

பலீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அவளும் குரல் கொடுத்துவிட்டு வெளியே போனாள். விடிகாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டால் அப்படித்தான்: குரல் கொடுத்த கையோடு மலைக்கு நடையைக் கட்ட வேண்டும், நின்றால் ஏச்சு விழும். மலைக்காரப் பிள்ளைகள் பழக்கத்தில் போக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதுதான் கந்தோர் வழக்கம் போலிருக்கிறது என்று பின்னாலேயே போனார்கள். கடைசிப் பேர் புஷ்பவதி. அவளும் போனாள். பதினைந்து பேரும் வந்திருந்த வகுப்பில் அவர்கள் உட்கார்ந்திருந்த வாங்குகள் மட்டும் மிச்சம்.

காத்தாயி விளக்குமாற்றோடு முற்றத்தில் பாய்ந்தாள். வேலம்மா அதற்குள் முதல் தேயிலை வரிசையைத் தாண்டிவிட்டிருந்தாள்.

"அடியே நில்லுங்கடி! இது பெரட்டு இல்லடி, பள்ளிக்கூடம்!"

பதினைந்தும் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தன. பலீல் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"அதிபர், இது படிக்கிற புள்ளயள் இல்ல. எனக்குக் காட்டக் கொண்டுவந்த வேலையாள்கள். இந்த வகுப்புக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?"

 காத்தாயிக்கு மகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதனால் அதிகாரியைப் பார்த்தாள்.

"வேலையாளுங்கதான் ஐயா. எட்டோட கதவ சாத்தினா வேற என்னவா ஆவாங்க? படிக்கிறவங்களா இல்லையான்னு கேட்டுப் பாருங்க."

பலீல் வேலம்மாவிடம் ஒரு புத்தகத்தை நீட்டினார். அவள் கறை படிந்த விரலை வரியில் வைத்து வாசித்தாள். முதல் வரியில் தடுக்கினாள், இரண்டாவதில் தடுமாற்றம் குறைந்தது, பக்கம் முடியும்போது நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

"நாளைக்கும் வருவியா, புள்ள?"

"நாளைக்கும் பேர் கூப்பிடுவீங்களாங்க?"

பலீலின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. பையைத் திறந்து, அதிபரின் மேசையிலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் ஜீப்பில் ஏறும்போது காத்தாயி குறுக்கே நின்றாள்.

"ஐயா, பத்தாம் வகுப்புக்கு எப்ப வருவீங்க?"

"முதல்ல இத நடத்துங்க, அம்மா!"

பத்தாம் வகுப்பும் வந்தது. பிறகு அரசாங்கத்தின் சாதாரணதரப் பரீட்சை. இரண்டாயிரத்து ஒன்றில் அதற்கு மேலான உயர்தர வகுப்பு. மேலே ஒரு மாடி, முன்னால் நீல நிறப் பெயர்ப்பலகை. அந்த முதல் பதினைந்தில் பதினோரு பேர் சாதாரணதரம் தேறினார்கள், வேலம்மாவும் சேர்த்து. புஷ்பவதிக்கு நான்காவது இடம். பல்லேபொல வரையிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் முதலாவது என்றே காத்தாயி சொல்லி வைத்திருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.