எங்கள் வீட்டு சர்வர்

குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்துகிற சிலருக்கு நான் வெப்சைட் பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாக ஒரு சர்வர் வேண்டுமென்றால் இப்போதெல்லாம் திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். டீ ஆறுவதற்குள் எங்கோ ஓர் ஊரில் சர்வர் தயாராகிவிடும். அது எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதன் மேல் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. மரக்காணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மேசைக்கு அடியில், சோர்ஸ் கோடிலிருந்து நானே கட்டி எழுப்பிய ஒரு சர்வர் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. கூடவே கொஞ்சம் கோபமும் வருகிறது.

அப்போது நான் மரக்காணம் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் உதவியாள் வேலை கிடைத்துப் போனபோது எனக்கு நான்காம் மாதம். பாப்பா பிறந்தாள், குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். அவர் பார்த்தது ஒரே ஒரு போட்டோ. லீவு முடிந்து திரும்பிப் போன கோட்டக்குப்பத்து பாய் ஒருவர், நான் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தோடு அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் போன் பண்ணுவார்.

“பாப்பா யார் ஜாடை?”

“வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

ஒன்றரை வருஷம் முடிந்தால் இரண்டு மாதம் லீவு. அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஆசை காட்டியிருக்கிறார்: லீவை இப்போது எடுக்காவிட்டால் ஸ்டோர் கீப்பர் ஆக்குகிறோம் என்று. “யோசிக்கிறேன்” என்றார் என்னிடம். அவர் யோசிக்கிறேன் என்று சொன்னால் பாதி முடிவு எடுத்துவிட்டார் என்று பொருள். மீதிப் பாதியை நான்தான் காப்பாற்ற வேண்டும். குழந்தையை ஒரு நாள் கண்ணால் பார்த்தால் போதும், மனுஷன் மனசு கேட்காமல் ஓடிவந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் உட்காரும் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, நெட்டும் இருந்தது. ஆனால் மெயில், போட்டோ, அரட்டை எல்லாத் தளங்களையும் பூட்டி வைத்திருந்தார்கள். “இன்னா தட்டுனாலும் அனுமதி இல்லன்னு வருதுடி” என்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணாக ஒரு முகவரி சொல்லி, மறுநாள் ஆபீசில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். திறந்துகொண்டது! பெயர்களையெல்லாம் தடை செய்தவர்கள் எண்களை மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு பிராட்பேண்டுக்கும் ஓர் எண் உண்டு. வீட்டிலேயே வெப் சர்வர் போட்டுவிட்டால், அந்த எண்ணைத் தட்டி நேராக எங்கள் கூடத்துக்கே வந்துவிடலாம்.

சொல்வது எளிது. எங்கள் கம்ப்யூட்டரோ சென்டரில் கழித்துப் போட்டதை நான் வாங்கி வந்தது. உப்புக் காற்றில் ஸ்க்ரூவெல்லாம் துருவேறி, மூடியைத் திறக்கவே சுத்தியல் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் ஏற்றியிருந்தேன். ரெடிமேடாகக் கிடைத்த வெப் சர்வர் எதுவும் அந்தக் கிழட்டு லினக்ஸில் ஏறவில்லை. சரி, சோர்ஸ் கோடையே, அதாவது மூல நிரலையே, எடுத்து நாமே கட்டிக்கொள்வோம் என்று சென்டரில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

முதல் கட்டளை ‘கன்ஃபிகர்’. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அது வீட்டையே சுற்றிச் சுற்றி விசாரிக்கும். இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது. வரி வரியாகத் திரையில் ஓடும். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நாம் மூச்சு விடும்போது, எங்கோ லைப்ரரி என்கிற சின்னத் துணை நிரல் ஒன்று இல்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். அந்த லைப்ரரியைத் தேடிக் கொண்டுவந்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு வளைந்து கொடுத்ததில்லை.

அடுத்தது ‘மேக்’, கட்டி எழுப்புகிற கட்டளை. அந்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தூளியில் பாப்பா தூங்குகிறாள். நான் காலால் தூளியை ஆட்டியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிய நிரல், ஒவ்வொரு கோப்பாக எங்கள் வீட்டில் உருவெடுத்துக்கொண்டிருக்கிறது. பாதியில் கரண்ட் போனது. போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். கரண்ட் வந்ததும் மறுபடி ‘மேக்’ என்று அடித்தால், முடித்ததைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது கிடையாது. சண்டையென்றால் முதலிலிருந்துதான் ஆரம்பிப்போம்.

அடுத்த வீட்டில் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. விடியலில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பி, கால் கழுவிக்கொண்டு நேரே எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்.

“பொட்டிய வெச்சிக்கினு இன்னாமா பண்ணினு இருக்கே?”

“சர்வர் போடுறேன் அண்ணி.”

“சர்வரா? ஓட்டலா வெக்கப் போறே?”

“ஆமா. ஒரே ஒரு ஆளுக்கு. உங்க தம்பிக்கு.”

அவர் உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டார், தம்பி பொண்டாட்டி வீட்டிலேயே சர்வர் வைத்திருக்கிறாள் என்று. மறுநாள் ஒருத்தி தூக்குவாளியோடு வந்து இட்லி இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில் அவளுக்கு பதில் சொல்லவே நேரமாகிவிட்டது.

நிறுவி முடித்த பிறகும் வேலை ஓயவில்லை. வெப் சர்வர்கள் வழக்கமாகக் காது கொடுக்கும் ‘போர்ட்’ என்கிற வாசலை பிராட்பேண்ட்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். அமைப்புக் கோப்பைத் திறந்து, வாசல் எண்ணை மாற்றி, மோடத்துக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சென்டருக்குப் போய் எங்கள் வீட்டு எண்ணைத் தட்டினேன். வெள்ளைப் பக்கத்தில் ‘வேலை செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல். பாடம் படிக்க வந்த பிள்ளைகளின் முன்னால் கை தட்டிக் குதித்தேன். டீச்சருக்கு என்ன ஆனது என்று அவர்கள் பார்த்தார்கள். சென்டர் கேமராவை இரவல் வாங்கி வந்து, பாப்பாவைப் படமெடுத்து அந்தப் பக்கத்தில் ஏற்றினேன்.

அவருக்குப் போனில் எண்ணைச் சொல்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வாசல் எண்ணுக்கு முன்னால் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைக்க வேண்டும். “ரெண்டு புள்ளி வைங்க” என்றால் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, “ஒண்ணும் வர்லியே” என்றார். “மேல ஒண்ணு, கீழ ஒண்ணு!” என்று நான் கத்தியதில் பாப்பாவே அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த அழுகைக்கு நடுவில்தான் அவருடைய திரையில் பக்கம் திறந்தது.

“மூக்கு எங்கம்மாதுடி” என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு புதுப் படம். யாராவது பக்கத்தைத் திறந்தால் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை என்றால் இங்கே இரண்டரை மணி. திரையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒரு வரி துள்ளி மேலே ஏறும். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். கரண்ட் போய் வந்தால் வீட்டு எண் மாறிவிடும். உடனே புது எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்புவேன். அவர் பார்ப்பது பாப்பாவின் படத்தை மட்டும்தான் என்று தெரிந்தும், அந்த நேரத்துக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவேன். கல்யாணமான புதிதில்கூட அவருக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

“லீவு வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றார். “ஸ்டோர் கீப்பர்னா சும்மாவா? இப்பதான் தெனமும் பாப்பாவ பாக்குறேனே. பக்கத்துலயே இருக்குற மாதிரி இருக்குது. எல்லாம் உன் கைராசிடி!”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். வரவழைக்கக் கட்டியதே அவரை அங்கே உட்கார வைத்துவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு, அதற்குத் தினமும் பொட்டு வேறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

சர்வரை நிறுத்த ஒரே கட்டளை போதும். ஆனால் நிறுத்தினால் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். என் கோபம் கரண்ட் கட் ஆகப் போய்விடக் கூடாது. அதனால் அமைப்புக் கோப்பைத் திறந்து, படங்கள் இருந்த இடத்துக்கு ஒரு பூட்டுப் போட்டேன். இனி யார் வந்தாலும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து பாஸ்வேர்டு கேட்கும்.

மறுநாள் இரண்டரைக்கு ஒரு வரி வந்தது, மறுக்கப்பட்டது. இன்னொன்று, மறுக்கப்பட்டது. பிறகு போன் வந்தது.

“இன்னாடி, பாஸ்வேர்டு கேக்குது?”

“கேக்கும்.”

“இன்னா பாஸ்வேர்டு?”

“நீங்க ஊருக்கு வர்ற தேதி.”

“அது இன்னும் முடிவாவலையே.”

“அப்ப பாஸ்வேர்டும் முடிவாவல. தேதிய சொல்லுங்க, அதையே போட்டு வெக்கிறேன்.”

விளையாடாதே என்றார். நான் விளையாடவில்லை என்றேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. ஆனால் இரண்டரை மணிக்கு மட்டும் தவறாமல் வந்து பூட்டை ஆட்டிப் பார்த்தார். எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்த்தாரோ, பாப்பா பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தாரோ, தெரியாது. என்ன தட்டினார் என்று சர்வர் சொல்லாது, தப்பு என்று மட்டும்தான் சொல்லும். நாத்தனார் வந்து, “பெத்தவனுக்கே புள்ளய காட்டாம பூட்டி வெச்சிருக்கியே, அது நெஞ்சா உப்புக் கல்லா?” என்று திட்டினார். திட்டிவிட்டு, அதே மூச்சில், “வுட்றாத” என்றும் சொல்லிவிட்டுப் போனார். பூட்டுக்கு உள்ளே தினமும் புதுப் படம் போடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

கடைசியில் அவரே கூப்பிட்டார். சாப்பாட்டு இடைவேளைதான், பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

“சரிமா. மாசி மகத்துக்கு வர்றேன்.”

“மாசி மகம் போன மாசம்தானே முடிஞ்சுது?”

“அடுத்த மாசி மகம்.”

முழுசாக ஒரு வருஷம்! வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். தேதி சொன்னால் போடுகிறேன் என்று சொன்னது நான்தானே. புதுப் பஞ்சாங்கத்தில் பார்த்து அந்தத் தேதியைப் போட்டுக் கொடுத்தேன். “போட்டுட்டேன், பாருங்க” என்றேன். திரையில் வரி ஏறியது. அனுமதி.

அவர் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

“யார் புடிச்சினு இருக்காங்க அவள?”

“யாரும் புடிக்கல.”

“பின்னால அக்கா உக்காந்து இருக்குதா?”

“இல்லங்க. தானா நிக்கிறா. நாலஞ்சு நாளா நிக்கிறா.”

“நான் பாக்கவே இல்லையே” என்றார். அதற்குச் சுடச்சுட ஒரு பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு அதைச் சொல்ல மனசு வரவில்லை. அங்கே யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

“பாஸ்வேர்ட மாத்து” என்றார்.

“இன்னாது?”

“மாத்துன்றேன்ல. அடுத்த மாசம் பதினொண்ணு.”

தோளில் போனை இடுக்கிக்கொண்டு விசைப்பலகையை இழுத்தேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து எதுவும் திரையில் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது எனக்குத் தெரிந்திருக்காது, கண் அப்படி மறைத்தது. ஒரு முறை அடித்தேன். கை தவறியிருக்கலாம் என்று அந்தக் கட்டளை எப்போதும் இரண்டாம் முறையும் கேட்கும். கேட்டது.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றேன்.

“அடுத்த மாசம் பதினொண்ணு” என்றார். “இந்த வருஷந்தான்டி.”