உச்சி வேளையில் முப்பத்தாறு ஜோடிக் கால்கள்

"கப்பல் யாருக்காகவும் நிக்காது, தெரிஞ்சுக்கோ."

வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் டிராவல் ஆபீஸ். வெளிநாட்டுப் பயணிக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தால், இறங்குகிறவர்களை பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டி, நேரத்துக்குள் மறுபடி கப்பலில் சேர்க்க வேண்டும். ஷோர் எக்ஸ்கர்ஷன் என்போம். எழுபதுகளின் தொடக்கம். நான் சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். பெண்ணை சைட்டுக்கு அனுப்பக் கட்டட கம்பெனி எதுவும் தயாராக இல்லை. எந்த நிமிஷம் எங்கே இருக்க வேண்டும் என்று ரூட் சார்ட் போட ஆள் தேடிக்கொண்டிருந்த மேனேஜர், மூன்று மாத புரொபேஷனில் என்னை எடுத்துக்கொண்டார்.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் கேட்டார்கள்: "அக்கா, மலை சார்ட்ல ஒரு கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த மலை

புரொபேஷனின் இரண்டாவது மாதம் ஒரு கப்பலிலிருந்து கடிதம் வந்தது. மூன்று துறைமுகங்களில் கடைவீதிகளும் கடற்கரைகளும் பார்த்துவிட்டுத்தான் வருவோம், மெட்ராஸில் எங்களுக்கு ஒரு மலை காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கப்பல் வரும். மாலை நாலுக்கு எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும்.

மேனேஜர் மயிலாப்பூர்க்காரர். கடிதத்தை மேஜைமேல் வைத்துச் சிரித்தார்.

"மெட்ராஸ்ல மலையா? பரங்கிமலையைக் காட்டிட்டு அழைச்சுண்டு வந்துடு. பேர்லயே மலை இருக்கு."

நான் பட்டியல் போட்டேன்.

பரங்கிமலை: போக அரை மணி. கப்பலின் மேல்தளத்தில் நின்று பழகியவர்களுக்கு இது மலையாகத் தெரியாது.

திருப்பதி: மலை உண்டு, நேரம் இல்லை.

செஞ்சி: போய்ச் சேரவே பாதி நாள்.

திருக்கழுக்குன்றம்: பஸ்ஸில் இரண்டு மணி. ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். உச்சியிலிருந்து கிழக்கே கடல் தெரியும். தினமும் நடுப்பகலை ஒட்டி இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும்.

"கழுகு வரலேன்னா?"

"வரும் சார்."

"நீ பாத்திருக்கியோ?"

பார்த்ததில்லை. "மலையை அளந்துட்டு வரேன் சார்" என்றேன்.

"அளந்துட்டு வா. ஆனா நாலு மணிக்கு ஒருத்தர் கொறஞ்சாலும் அந்தக் கப்பல்காரன் நம்ம வாசல்ல காலை வெக்க மாட்டான். அப்புறம் உன்னை வெச்சுக்கறதுக்கு எனக்கும் வழி இருக்காது."

2. அளந்தது

மார்கழியில் ஒரு நாள் முதல் பஸ் பிடித்துப் போனேன். எட்டு மணிக்கு அடிவாரம். எல்லாரையும் போலச் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன். படிகளை எண்ணினேன். ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்தேன். எங்கே நிழல், எங்கே உட்காரலாம், எங்கே தண்ணீர் என்று குறித்தேன். வேகமாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, அறுபது வயதுக்காரர் போல நின்று நின்று ஒரு தடவை, ஆக மூன்று முறை ஏறி இறங்கினேன். மதியம் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் கழுகுக்காகக் காத்திருக்க முடியவில்லை. அடிவாரத்துப் பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, 'கழுகு: பத்து நிமிடம்' என்று எழுதினேன்.

சார்ட்டைப் பார்த்து மேனேஜரே தலையாட்டினார். அவ்வளவு சுத்தமான சார்ட்.

3. நூற்றுப் பதினோராவது படி

கப்பல் வந்தது மாசி மாதத்தில். அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது என் கழுத்து வலித்தது. ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தது போல இருந்தது. அதிலிருந்து இறங்கிவந்தவர்கள் முப்பத்தாறு பேர். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நீலத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் உட்கார்ந்தார். எழுபது வயது. பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஊரில் நிலம் கடல்மட்டத்தைவிடத் தாழ்வாம். முப்பது வருஷம் கரும்பலகையில் மலை வரைந்தேன், ஒன்றில்கூட ஏறியதில்லை என்றார். எத்தனை படி என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அடிவாரம். சார்ட்டின்படி ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. "காலணிகளை இங்கே விடுங்கள்" என்றேன். எல்லாரும் விட்டார்கள். ஆரம்பத்து நிழல் வரை சிரிப்பும் பேச்சுமாக வந்தார்கள்.

நான் முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் பேச்சு நின்றுபோனது. திரும்பினால் முப்பத்தாறு பேரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கீழே போட்டு அதன்மேல் நின்றார். பூகோள டீச்சர் நூற்றுப் பதினோராவது படியில் உட்கார்ந்து பாதங்களைத் தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

பஸ் டிரைவர் தேவராஜ் தண்ணீர்க் கூஜாவோடு ஏறி வந்தார்.

"இன்னாமா இது? ஊரு உலகத்துலேர்ந்து வந்தவங்கள தோசைக்கல்லு மேல நிக்க வெச்சுட்டே?"

"எனக்குச் சுடலையே அண்ணே!"

"உனக்கு எப்டிமா சுடும்? பொறந்ததுலேர்ந்து வெறுங்கால்ல கோயில் சுத்திக்கினு கீறே. இவங்க படுக்கையை விட்டு எறங்கறதே பூட்ஸ்லதான்."

படியின் உயரத்தை அரை அங்குலம் வரை அளந்த நான், கல்லின் சூட்டை அளக்கவில்லை. மார்கழிக் காலையில், என் காலை வைத்து, உச்சிவெயிலுக்குச் சார்ட் போட்டிருக்கிறேன். இப்போதே இறக்கி அழைத்துப்போனால் நாலு மணி பத்திரம், என் வேலையும் பத்திரம். அதைச் சொல்லத்தான் டீச்சரிடம் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில், இடுப்பில் பொங்கல் பாத்திரத்தோடு குருக்கள் எங்களைக் கடந்து ஏறினார்.

"சாமி, இவங்க கால்ல ஏதாவது கட்டிக்கிட்டு வரலாமா?" என்றேன்.

"தோல்தான் கூடாது. துணிக்கு என்ன, கட்டிண்டு வரட்டும். சீக்கிரம் வாங்கோ. பட்சி நமக்காகக் காத்துண்டிருக்காது."

தேவராஜ் கூஜாவை என் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினார். அடிவாரக் கடையிலிருந்து ஒரு கட்டு ஈரிழைத் துண்டோடு திரும்பினார். "கடையில இருந்தது மொத்தமும் வாரிக்கினு வந்துட்டேன்" என்று மூச்சிரைத்தார். பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்துக் கொடுக்க, நான் ஒவ்வொருவராகக் கட்டிவிட்டேன். எழுபத்திரண்டு பாதங்கள். கட்டி முடித்தபோது சார்ட்டில் நாங்கள் உச்சியில் இருந்திருக்க வேண்டும்.

4. மேலே

சிவப்புக் கரைத் துண்டு கட்டிய கால்களோடு முப்பத்தாறு பேர் ஏறினார்கள். நடுவில் ஓய்வு என்று நான் குறித்திருந்த இடங்களில் யாரும் உட்காரவில்லை. தேவராஜ் டீச்சருக்குக் கை கொடுத்து ஏற்றினார். "வா டீச்சரம்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்று அவர் தமிழில் சொல்ல, டீச்சர் தம் பாஷையில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

உச்சியில் காற்று. கீழே ஊரின் கோபுரங்கள் உள்ளங்கையில் வைக்கிற அளவுக்குச் சிறுத்திருந்தன. குளம் ஒரு துண்டுக் கண்ணாடி. அதற்கப்பால் வயல், ஏரி, பனைமரங்கள், முடிவில் கடல் ஒரு கோடாக. மார்கழிக் காலையில் பனிமூட்டத்தில் நான் இதில் பாதிகூடப் பார்த்திருக்கவில்லை.

குருக்கள் பாறைமேல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். வானத்தில் எதுவும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். குருக்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு புள்ளி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. சிறகடிக்காமல், காற்றிலேயே சாய்ந்து வட்டமிட்டு, எங்கள் தலைக்கு மேலே வந்தன. வெள்ளை உடம்பு, கறுத்த சிறகுமுனை, மஞ்சள் முகம். பாறையில் இறங்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் போல நடந்துவந்து, குருக்களின் கையிலிருந்து சாப்பிட்டன. காமிரா வைத்திருந்தவர்கள் அதைத் தூக்க மறந்தார்கள். காற்றில் துண்டின் நுனிகள் படபடத்த சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அவை பறந்துபோன பிறகும் யாரும் நகரவில்லை. நானும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, கையில் கடிகாரம் இருந்தும் நான் நேரம் பார்க்கவில்லை.

"யம்மா!" என்றார் தேவராஜ். "கப்பல்!"

பஸ் கிளம்பியபோது ஒரு மணி நேரம் தாமதம். கப்பலில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஓடும் பஸ்ஸிலேயே சாப்பிட்டார்கள். செங்கல்பட்டு, தாம்பரம், நந்தனம் என்று ஒவ்வோர் இடமும் வரும்போது நான் மீதி நிமிஷங்களை நோட்டில் எழுதினேன். தேவராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

துறைமுக கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார். நாலுக்குப் பத்து நிமிஷம். இறங்க இறங்க விரல்விட்டு எண்ணினார். முப்பத்தைந்தாவது ஆள் இறங்கியதும் நிறுத்தி என்னைப் பார்த்தார். கடைசியாக டீச்சர் இறங்கினார். காலில் அதே துண்டுகள், புழுதியேறி. அவருடைய ஷூக்கள் அடிவாரத்திலேயே தங்கிவிட்டன. எடுத்து வரவா என்று தேவராஜ் சைகையில் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாராம். துண்டுக் கால்களோடு நேராகக் கப்பல் படிக்கட்டில் ஏறிப் போனார்.

"என்னம்மா இது, கால்ல ஈரிழைத் துண்டு?" என்றார் மேனேஜர்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் தவறு உள்பட. "நானும் சின்ன வயசுல ஏறியிருக்கேன். எனக்கும் தோணலையே" என்றார். பிறகு, "சார்ட்டைத் திருத்திப் போடு. அடுத்த கப்பலுக்கு வேணும்."

சர்வேயில் முதல் பாடம், அளக்கும் முன் அளவுச் சங்கிலியைச் சரிபார்ப்பது. அதை அத்தனை தடவை செய்த நான், என் பாதத்தைச் சரிபார்க்கவில்லை. ஆகையால் பயணிகள் போகும் மாதத்திலேயே, போகும் வேளையிலேயே போய்ப் பாருங்கள். உங்களைப் போல் இல்லாத ஒருவரை உடன் அழைத்துப்போங்கள். புதிய சார்ட்டில் இதையெல்லாம் சேர்த்தேன்: ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த காலுறை, அரை மணி முன்னதாகப் புறப்பாடு, தண்ணீர் இரண்டு மடங்கு.

மேனேஜர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"கழுகுக்கு நேரே நிமிஷம் போடலையே?"

"தெரியல சார்."

"முன்னாடி பத்துன்னு போட்டிருந்தியே?"

"அது பாக்கறதுக்கு முன்னால போட்டது சார்."