கதவைத் தட்டாத நர்ஸம்மா

உடம்பு சரியில்லாதவர்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் போவார்கள். சும்மா இருப்பவர்களைத் தேடிப் போய்த் தொந்தரவு செய்வதற்குச் சம்பளம் வாங்குவது எங்கள் உத்தியோகம் ஒன்றுதான். பையும் பிரஷர் மெஷினுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் சக கிராம சுகாதார நர்ஸ்களே, பயிற்சியில் நமக்கு நான்கு கொள்கைகள் சொல்லிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தேவையைத் தேடிக் கண்டுபிடி. அதை அவர்களுக்குப் புரியவை. நல்லது செய்துகொள்ள வழி பண்ணிக் கொடு. தடையாக இருக்கும் விதியை மாற்றப் பார். நான்கையும் மந்தாரக்குப்பத்தில் ஒரே வீட்டில் சோதித்துப் பார்த்தேன்.

தேடுதல்

சுமதிக்கு எட்டாவது மாதம். முகாமில் பார்த்தபோது பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. வாராவாரம் வரச் சொல்லியிருந்தேன்; இரண்டு வாரமாக ஆளைக் காணோம். காலை பத்தரைக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார்கள். நான் கேட்பேனா?

கதவைத் திறந்தது அவள் புருஷன் முருகன். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அந்த வாரம் நைட் ஷிப்ட். கண் இரண்டும் சிவந்திருந்தது. "நான் படுத்து ஒரு மணி நேரங்கூட ஆவுலீங்க. மைன்ஸ்ல மிஷின் பக்கத்துல நின்னாகூட இவ்ளோ சத்தம் வராதுங்க நர்ஸம்மா."

புரியவைத்தல்

மறுநாள் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். சுமதி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கும், தலை வலிக்கும், கண் மங்கும், கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று ரகசியக் குரலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கால் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வீக்கம்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் செருப்புதான் பத்த மாட்டேங்குது, அதான் அவுரு செருப்ப போட்டுக்கினு இருக்கேன்."

வழி பண்ணுதல்

பிரஷர் பார்த்தேன்; முகாமில் இருந்த அளவுதான். பகலில் இரண்டு மணி நேரமாவது இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். ஒற்றை அறை வீடு. அதில் முருகன் குறுக்கே படுத்திருக்கிறார். ஒரு கரண்டி விழுந்தாலும் தூக்கம் கலையும். தூக்கம் இல்லாத ஆள் சுரங்கத்தில் இறங்குவது பெரிய ஆபத்து. அதனால் நைட் ஷிப்ட் வாரத்தில் பெண்கள் பகல் முழுக்க வெளியேதான். தெருவுக்கே தெரிந்த வழக்கம், எனக்குத்தான் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டு ராணி அக்காவின் கணவருக்குப் பகல் டூட்டி. சுமதிக்கு அங்கே ஒரு பாய் கேட்டேன். "தாராளமா வந்து படுக்கட்டும். அப்டியே எனக்கும் பிரஷர் பாருங்க, அவுரு டூட்டிக்குப் போனப்புறமா பாருங்க, அப்பதான் கம்மியா இருக்கும்."

விதியை மாற்றுதல்

ஷிப்ட் பார்த்து மாலையில் வீடுகளுக்குப் போகிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான் நேரம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த வாரமே ஒருநாள் மாலை நாலு மணிக்குப் போனேன். முருகன் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுமதி காலையிலிருந்து தலை பிளக்கிறது என்றாள். பிரஷர் நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று வேறு சொன்னாள்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். டூட்டிக்குப் போகாவிட்டால் நாளைக்கு வேலை இருக்காது என்று முனகிய முருகன், வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். இவள் பிழைப்பாளா என்று நிஜமாகவே பயந்துவிட்டேன். அன்றைக்கே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு, ஆனால் குரல் மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் மேலதிகாரி என் ரெஜிஸ்டரைப் பார்த்தார். "நல்ல வேலை பண்ணீங்கம்மா. ஆனா நேரம் நாலுன்னு போட்டிருக்கீங்களே, அதைப் பதினொண்ணுன்னு மாத்திடுங்க."

நான் மாற்றவில்லை; தாயும் பிள்ளையும் தேறி வீடு வந்துவிட்டார்கள், ரெஜிஸ்டருக்குத்தான் இன்னும் உடம்பு சரியில்லை.