மறுதாம்புச் சோளம்

கண்ணாடிப் புட்டிக்குள் தொங்கிய மஞ்சள் தாள்துண்டு மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறியதை மாகறலில் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஊரே நின்று பார்த்தது. நான் வாலாஜாபாத் பக்கம் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிது.

நான் போவதற்குள் ஒரு பசு செத்துவிட்டது. நுரை தள்ளித் துடித்துக்கொண்டிருந்த இன்னொன்று, நரம்பில் ஊசி போட்ட பிறகு தடுமாறி எழுந்தது. மாட்டுக்காரரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கணவரை இழந்தவர், பால் ஊற்றியே இரண்டு பெண்களையும் காஞ்சிபுரத்தில் படிக்க வைத்தார். வரப்புத் தகராறில் இருந்த பக்கத்துக் கழனிக்காரர்தான் விஷம் வைத்தார் என்று அக்கா மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரின் சட்டையை அக்காவின் கொழுந்தன் பிடித்திருந்தான்.

தொட்டியில் மிச்சமிருந்த சோளத் தழையைக் கசக்கித்தான் புட்டியில் போட்டிருந்தேன். தழையிலிருந்து நஞ்சு கிளம்பினால் மேலே தொங்கும் தாள் சிவக்கும். அறுத்த கட்டை வெயிலில் காய்ந்து கிடந்து, ஒரு மழைக்குத் துளிர்த்த மறுதாம்பு அது. தாள் சிவந்ததும் விளக்கினேன். இளஞ்சோளம் தன் நஞ்சைச் சர்க்கரையோடு பூட்டி வைத்திருக்கிறது; பூ எடுத்த பிறகுதான் அது குறையும். மாடு மெல்லும்போது ஒரு நொதி சர்க்கரையைக் கழற்றுகிறது. அடுத்த நொதி கார்பனும் கார்பனும் சேர்ந்த பிணைப்பை அறுக்கிறது. அறுந்து வருவதுதான் சயனைடு. மனிதர் யாரும் வைத்ததில்லை.

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக நிமிர்ந்தபோதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்போ நாந்தானே டாக்டரம்மா அறுத்தாந்து போட்டேன்?”

தெரியாமல் செய்தது என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. பழி சொல்ல ஓர் ஆள் இருந்தவரை நின்றவர், செத்த பசுவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேலியோரம் ஒதுங்கியிருந்த பெரியவர் திரும்பி வந்தார்.

“எங்கழனியிலயும் அதே சோளந்தான் நிக்குதும்மா. நாளைக்கு நானும் அறுத்துப் போட்டிருப்பேன்.”

வீட்டுக்குப் போய் மண்வெட்டி எடுத்துவந்து குழி வெட்டத் தொடங்கினார். அக்கா அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை. சென்ற மழைக்குப் பிறகு தடுப்பூசி போட அந்த ஊருக்குப் போயிருந்தேன். பெரியவரின் மருமகள் அரிவாளோடு, மறுபடி துளிர்த்திருந்த சோளக் கழனியில் இறங்குவதைப் பார்த்து, வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா குரல் கொடுத்தார்: “பூ எடுக்கட்டும்மா, அப்புறம் அறுத்துக்கலாம்.”

அந்தப் பெண் அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு கரையேறினாள்.