மரத்துக்குப் பரோட்டாக் கடை கிடையாது

இரண்டு மாதமாக இந்தக் கதையை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். பத்தி எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாது. வாரா வாரம் கை துறுதுறுக்கும். உடனே என் மனைவி எஸ்தரின் முகம் ஞாபகத்துக்கு வரும். பேனாவை மூடிவிடுவேன்.

"ரிசல்ட் வரட்டும். அதுக்கு முன்னால ஒரு வரி எழுதுனீங்க... பொறவு இருக்கு உங்களுக்கு!"

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. எஸ்தர் பி.எட். பாஸ். அதோடு எனக்கு எழுதுகிற அனுமதியும் வந்தது.

கதை ஒரு மரத்தில் தொடங்குகிறது. தெர்மாகோல் மரம்.

அதைத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டூவீலரில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் வண்டி ஓட்டினேன். எஸ்தர் பின்னால் உட்கார்ந்து மரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். பச்சை பேப்பரில் வெட்டி ஒட்டிய இலைகள். முதல் நாள் சாயங்காலம் முழுக்க நானும், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிவேதாவும் உட்கார்ந்து ஒட்டியவை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தேர்தலில் யாரோ மரம் சின்னத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அன்றைக்கு எஸ்தருக்குச் செய்முறைத் தேர்வு. இரண்டு வருஷப் படிப்பின் கடைசி வாசல். ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜமான பிள்ளைகளுக்கு நிஜமாகவே வகுப்பு எடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எஸ்தர் எங்கள் ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் ஐந்து வருஷம் டீச்சராக இருந்தவள். எம்.எஸ்சி. தாவரவியல். நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே பி.எட். இல்லாம வச்சுக்க முடியாதும்மா. முடிச்சுட்டு வாங்க, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். தேர்வில் கோட்டை விட்டால், வருகிற ஜூனில் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இதுதான் நிலவரம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு மச்சான் இருக்கிறார். எல்லாருக்கும் ஒருவர் இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. "பி.எட்.டா? வேற எதுவும் கிடைக்காதவங்க படிக்கது அதுல்லா!" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அப்போது எனக்கும் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டு ஹாலிலேயே தெரிந்தது.

மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. ஒரு முழு வகுப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துப் பழகுவது. இன்றைக்குக் கேள்வி கேட்பது மட்டும். நாளைக்குக் கரும்பலகையில் எழுதுவது மட்டும். இன்னொரு நாள், பிள்ளைகளைப் பாராட்டுவது மட்டும்! காலேஜில் செய்வதை எஸ்தர் வீட்டிலும் பழகினாள். மாணவர்கள் – நானும் நிவேதாவும்.

"அப்பா, நீங்க தப்பா பதில் சொல்லணும். அப்பத்தான் அம்மா திருத்த முடியும்" என்பாள் நிவேதா.

"நான் சரியாத்தான் சொல்லப் பாக்கேன்..."

"அது போதும்ப்பா."

அதில் ஒரு பயிற்சி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பயிற்சி. கேட்டவுடன் பதிலைத் தானே சொல்லிவிடக் கூடாதாம். ஒருவர் பெயரை அவசரமாகக் கூப்பிடவும் கூடாதாம். வகுப்பு யோசிக்கட்டும் என்று சும்மா நிற்க வேண்டும். எஸ்தர் கேள்வியைக் கேட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். "ஏட்டி, எதாவது பேசுட்டி, பயமா இருக்கு" என்று நான் கெஞ்சியிருக்கிறேன். சிரிக்க மாட்டாள். நிற்பாள்.

சரி, தேர்வு நாளுக்கு வருவோம்.

எவ்வளவு படித்தாலும், தேர்வு என்று வந்தால் பயம் வரத்தானே செய்யும்? சீனியர் பிள்ளைகள் காதில் ஓதிவிட்டார்கள் – "முதல் நாளே கிளாஸ்ல ஒரு ரிகர்சல் பாத்துருங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க." எஸ்தரும் பார்த்துவிட்டாள். ஐந்து கேள்வி. ஐந்துக்கும் ஐந்து பிள்ளைகள், வரிசையாக. உனக்கு அடுத்து நீ, உனக்கு அடுத்து நீ. கடைசியில் பாடத்தின் தலைப்பை டீச்சர் சொல்லக் கூடாது, பிள்ளைகளிடமிருந்தே வர வேண்டும் என்பது விதி. அதனால் முடிவில் முழு வகுப்பும் சேர்ந்து 'ஒளிச்சேர்க்கை!' என்று கத்தி, கை தட்ட வேண்டும். முதல் நாள் அமோகமாக நடந்ததாம்.

பள்ளிக்கூடத்தில் போய் இறங்கிய பிறகுதான் மரத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் அடர்த்தியாகப் பச்சை. இன்னொரு பக்கம்... மொட்டை! காற்றில் பாதி இலை பறந்துவிட்டது.

"மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு கத்துனேன்லா?"

"ஹெல்மெட்டுல கேக்கல."

ஒட்டுவதற்கு நேரமில்லை. மொட்டைப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு எஸ்தர் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தாள். தலைமை ஆசிரியை என்னை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஜன்னல் பக்கத்து பெஞ்ச். அவர் நல்ல மனுஷி.

தேர்வாளர் வந்தார். நடுத்தர வயது அம்மா. கண்ணாடி. சிரிப்பு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே கேள்விப்படாத முகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, 'ஆரம்பிங்க' என்று தலையை மட்டும் அசைத்தார்.

"நாம் உயிர் வாழ என்ன தேவை?" – எஸ்தர்.

முதல் பையன் டாணென்று எழுந்தான். "உணவு, டீச்சர்!"

"மிக நன்று! செடிகளுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள்?"

மௌனம். இரண்டாவது கேள்விக்கு உரியவன் கார்த்திக். கார்த்திக் வரவில்லை! தங்கைக்குக் காது குத்து என்று குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டான். யாரும் எஸ்தரிடம் சொல்லவில்லை. கார்த்திக்குக்கு அடுத்தவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் முறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். எழுந்தாள்.

"பச்சையம், டீச்சர்!"

"மிக நன்று" என்றாள் எஸ்தர். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் முகம் மாறியது. சமாளித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "இலை ஏன் பச்சையாக இருக்கிறது?"

"வேர் வழியாக, டீச்சர்!"

"செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?"

மாரீஸ்வரி என்ற பெண் எழுந்தாள். இரட்டைச் சடை. கணீரென்ற குரல். "சூரியனிடமிருந்து, டீச்சர்!"

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் கேள்வியைக் கவனிக்கவே இல்லை. வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருந்தார்கள். எஸ்தர் கடைசிக் கேள்வியையும் கேட்டாள் – "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?"

முழு வகுப்பும் ஒரே குரலில், "ஒளிச்சேர்க்கை!"

கை தட்டல் வேறு.

தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜூன் மாதம், அந்த வேலை, இரண்டு வருஷம்... எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்படியே ஓட்டிவிடு, சார்ட்டை எடுத்துப் பாடத்துக்குள் போய்விடு என்று மனசுக்குள் கத்தினேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

எஸ்தர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"மேடம், நேத்தே இந்தப் பிள்ளைகளுக்கு நான் பதிலைச் சொல்லிக் கொடுத்து வச்சிருந்தேன். அது என் தப்பு. பிள்ளைக மேல ஒண்ணும் இல்ல. முதல்ல இருந்து நடத்தலாமா?"

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க நேரம் ஓடிக்கிட்டிருக்கு. அதுக்குள்ள என்ன வேணாலும் நடத்துங்க."

எஸ்தர் சார்ட்டுகளைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மரத்தைத் தூக்கி மேஜையின் நடுவில் வைத்தாள். மொட்டைப் பக்கம் வகுப்பைப் பார்த்து!

"இதைப் பாருங்க. இப்ப நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க. இந்த மரத்தைப் பாத்தா என்ன கேக்கணும்னு தோணுது?"

கேட்டுவிட்டு நின்றாள்.

யாரும் பேசவில்லை. அவள் நின்றாள். எங்கள் ஹாலில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே நின்றாளே, அதே நிற்பு. தேர்வாளர் பேனாவை உருட்டினார். ஒரு பையன் இருமினான். அவள் நின்றாள். பெஞ்ச் விளிம்பை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மாரீஸ்வரியின் கை மெதுவாக எழுந்தது.

"டீச்சர்... எங்க மாமா வீடு செண்பகத்தோப்புல இருக்கு. இப்பப் போனா காட்டுல பாதி மரம் இப்படித்தான் மொட்டையா நிக்கு. இலைதானே சமைக்கும்னு நேத்து சொன்னீய... இலையே இல்லன்னா அது எப்படி டீச்சர் சாப்பிடும்?"

எஸ்தரின் முகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை.

'மிக நன்று' சொல்லவில்லை. "நல்லாக் கேட்ட புள்ள!" என்றாள். "சரி. உங்க வீட்டுல சமைக்காத அன்னைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பரோட்டா வாங்குவோம் டீச்சர்!" – எங்கிருந்தோ ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

"மரத்துக்குப் பரோட்டாக் கடை கிடையாதே?"

மறுபடியும் நின்றாள். இந்தத் தடவை அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை.

"பழைய சோறு டீச்சர்!"

"அரிசி வாங்கி வச்சிருப்பாங்கல்லா!"

"அப்ப மரமும் எடுத்து வச்சிருக்கும் டீச்சர்!"

"எங்க வச்சிருக்கும்?" என்றாள் எஸ்தர். அவ்வளவுதான்! தண்டு என்றான் ஒருவன். வேர் என்றாள் ஒருத்தி. கிழங்கு என்றது ஒரு குரல். மரவள்ளிக் கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது. இலை இருந்த காலத்தில் சமைத்துச் சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டுதான் மரம் மொட்டையாக நிற்கும் காலத்தை ஓட்டுகிறது, அடுத்த தளிரும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லி முடித்தார்கள். அங்கிருந்து பச்சையத்துக்கும் சூரியனுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது எஸ்தருக்கு ஒரு வேலையாகவே இல்லை. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் மனைவியை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தேர்வாளர் வெளியே வந்தார். எஸ்தரின் பாடத்திட்ட நோட்டைப் புரட்டினார். "இந்தப் பரோட்டா எந்தப் பக்கத்துல இருக்கு?"

"இல்ல மேடம்... எழுதல."

"எழுதிச் சேத்துக்கோங்க" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு போல ஏதோ ஒன்று வந்து போனது. "ரிகர்சல் இனிமே வேண்டாம். உங்களுக்கு அது தேவையில்ல."

திரும்பி வரும்போது எஸ்தரிடம் கேட்டேன். "உனக்கு எப்படி அவ்வளவு தைரியம் வந்தது?"

"தைரியம் எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா கேட்டுட்டு நிக்கப் பழக்கி வச்சிருந்தாங்கல்லா... அது தானா வந்துருச்சு."

யோசித்துப் பார்த்தேன். முன்பு ஐந்து வருஷம் வகுப்பு எடுத்தபோது எஸ்தர் நிற்க மாட்டாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நாம் எல்லாரும் வீட்டில் அப்படித்தானே? பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அது வாயைத் திறப்பதற்குள் பதிலையும் சொல்லி, கூடவே திட்டையும் கொடுத்துவிடுகிறோம். அடுத்தவர் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருநாள் செய்து பாருங்கள். அதை ஒரு மனுஷிக்குப் பழக்கிவிட ஒரு படிப்பு இருக்கிறது என்றால், அதற்கு இரண்டு வருஷம் தாராளமாகக் கொடுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்ததும் முதல் போன் மச்சானுக்குத்தான் போட்டேன். "எம்புட்டு மார்க்?" என்றார். சொன்னேன். பிறகு, "என் மகளும் பி.எஸ்சி. முடிக்கப் போறா... அந்த காலேஜ்ல எப்ப அட்மிஷன்?" என்றார்.

ஜூனில் எஸ்தர் அதே பள்ளிக்குத் திரும்பிப் போகிறாள். தெர்மாகோல் மரத்தையும் எடுத்துப் போகிறாளாம். மொட்டைப் பக்கத்தில் இலை ஒட்டக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்தப் பக்கத்தை உருவாக்கிய டிரைவர் நான்தான் என்பதை இந்த இடத்தில் அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு வீட்டில் சமையல் இல்லை. பரோட்டாதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த எஸ்தர் என்னைப் பார்த்து, "ஜூன்ல இருந்து நான் காலைல ஸ்கூலுக்குப் போயிருவேன். வீட்டுல யாருங்க சமைக்கது?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு... நின்றாள்!