கறை படியாத அடுப்பு

வாயைத் திறந்து "ஹா..." என்று ஊதுகிறார். கண்ணாடியில் ஆவி படிகிறது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை உருவி, நடுவில் ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே வந்து, நான்கு மூலையிலும் சுட்டுவிரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார். தலையை இந்தப் பக்கம் சாய்த்து ஒரு பார்வை, அந்தப் பக்கம் சாய்த்து ஒரு பார்வை. திருப்தி வரவில்லை. மறுபடியும் "ஹா". வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நடக்கிற காரியம் இது. துடைபடுவது மூக்குக்கண்ணாடி என்று நினைத்துவிட வேண்டாம். முன்னறைச் சுவரோரம் நாலு குட்டைக் கால்களில் கறுகறுவென்று உட்கார்ந்திருக்கிற விறகு அடுப்பின் கதவு.

"என்னங்க, துடைச்சது போதும். பத்த வைங்களேன், குளிருது" என்கிறாள் மனைவி, இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

"ஏம்மா, ஒரு நல்ல பொருளை வாங்கினா உடனே அதைக் கெடுத்துப் பாக்கணுமா உனக்கு?"

இவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்தவள் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை. பெற்றோர் வைத்த பெயரைவிட அது பொருத்தமாக அமைந்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆராய்ச்சிதான். ஒரு குடை வாங்கப் புறப்பட்டார் என்றால் அவர் வாங்கி முடிப்பதற்குள் மழைக்காலம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் இதே கதைதான். அதன் நார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கூடப் போனவர்கள் கடைக்காரரிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

தொழில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தீட்டி பிரேமுக்குள் உட்கார வைப்பது. வேலையில் கெட்டிக்காரர், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த வேலை கடையோடு நிற்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதர் கண் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பார். இன்னொன்று, அந்தக் கை. கடையில் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். அவருக்கு எது வேண்டுமோ அதை உதவிக்கு இருக்கிற பெண் அந்தக் கையில் வைக்க வேண்டும். வீட்டிலும் அதே கை அப்படியே நீளும். உப்பு, துண்டு, ரிமோட், காப்பி. என்ன வேண்டும் என்று வாயால் சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்.

அடுப்பு ஆசை எப்படி வந்தது என்றால், கூட வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். இவர்கள் பிழைக்க வந்த இந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிருக்கு விறகு எரிக்கிற வார்ப்பிரும்பு அடுப்பு அங்கே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டிலிருந்த கேஸ் ஹீட்டர் அவர் கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. "கேஸ்ல சூடு இருக்கு, உயிர் இல்லம்மா" என்றார். பத்து வருஷமாக அந்த உயிரில்லாத ஹீட்டரின் முன்னால் முதுகைக் காய்ச்சிக்கொண்டு நின்றவர் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுப்புக் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். விரலை மடக்கி இரும்பைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "இது புது அச்சு. பழைய அச்சுல வார்த்ததுதான் பேசும்" என்பார். ஒரு அடுப்பின் கால் பிடிக்கவில்லை. இன்னொன்றின் கைப்பிடி நாகரிகமாக இருந்துவிட்டதாம். ஒரு கடையில் இவர் தலை தெரிந்ததும் விற்பனையாளர் மாடிப்படி ஏறியதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். கடைசியில் ஓர் அடுப்பின் கதவு முன்னால் மண்டியிட்டு, கைவிளக்கை அடித்து, கண்ணாடியைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "அலையே இல்லம்மா! தண்ணி மாதிரி இருக்கு!" என்றார். முடிந்தது வியாபாரம். இரும்பின் வயதைக் கேட்டார், வார்த்த பட்டறையைக் கேட்டார், திருகாணியின் உலோகத்தைக் கேட்டார். அறை எவ்வளவு சூடாகும் என்ற ஒன்றை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

புகைக்குழாய் போட ஆள் வந்த அன்றைக்கே கேஸ் ஹீட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"அதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"சிங்கம் இருக்கிற குகையில நரி எதுக்கு?"

நரியை யாரோ வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். சிங்கம் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

திறக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். முதல் நாள் அவர் கையாலேயே மூட்டினார். கடையில் அன்று வாங்கிய பச்சை விறகு. கொஞ்சம் தீ ஏறியதும் கண்ணாடிக்குச் சூடு ஆகாது என்று பயந்து காற்றுத் திறப்பை அடைத்தார். அவ்வளவுதான். தீ அடங்கி, உள்ளே புகை சுருண்டு, தண்ணி மாதிரி இருந்த கண்ணாடி கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் லீவு போட்டுவிட்டு அதைச் சுரண்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர், "விறகு சரியில்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் படிப்பு. விறகில் குத்தி ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வந்தது. எந்த மரம் எத்தனை காலம் காய வேண்டும், சுள்ளியை எப்படி அடுக்க வேண்டும், மேலிருந்து மூட்டினால் என்ன, கீழிருந்து மூட்டினால் என்ன என்று சாப்பாட்டு நேரமெல்லாம் பாடம். "காத்தை அடைச்சாத்தாம்மா கறை. நல்லாக் காஞ்ச விறகு, தாராளமாக் காத்து, கண்ணாடி கண்ணாடியாவே இருக்கும்" என்று அவரே சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் என்றாலும் இவ்வளவு பெரிய சுரைக்காயை அவள் பார்த்ததில்லை. விறகை ஒரே அளவில் பிளந்து அடுப்புக்கு இரண்டு பக்கமும் புத்தக அலமாரி மாதிரி அடுக்கினார். மீட்டர் குறைந்துகொண்டே வந்தது. போன குளிர் போய் இந்தக் குளிரும் வந்துவிட்டது. விறகு முறுக்கு மாதிரி காய்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றுதான் இன்னமும் சொல்கிறார். காயவேண்டியது விறகு இல்லை, இவர் பயம் என்று அவளுக்கு என்றைக்கோ புரிந்துவிட்டது.

சும்மா உட்கார்ந்திருப்பவளாக இருந்தால் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பாள். அவள் தையல்காரி. கல்யாண உடுப்புக் கடைக்காக வீட்டிலிருந்தே கவுன்களுக்கு முத்தும் மணியும் கோர்த்துத் தைக்கிறாள். அந்தப் பெரிய மேஜை கொள்கிற இடமும், அந்த வேலைக்கு வேண்டிய வெளிச்சமும் முன்னறையில்தான். குளிரில் விரல் நுனி வெளுத்து, மரக்கட்டையாகி, ஊசி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. படுக்கையறையிலிருந்த சின்ன மின் ஹீட்டரைத் தூக்கி வந்து வைத்துப் பார்த்தாள். அது தன் காலடியைத் தவிர வேறெதையும் சூடாக்கவில்லை. போன மாதம் ஒரு கவுனில் முத்து வரிசை கோணிப்போய், கடைக்காரி பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று கடைக்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு இன்னாருடைய மனைவி என்றில்லாமல், இன்ன வேலை தெரிந்தவள் என்று அவளை நாலு பேர் தேடி வருவது அந்த ஊசியால்தான். அது போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

அழுகை வருகிற மாதிரி இதை அவரிடம் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார். "கையுறை போட்டுக்கிட்டுத் தைச்சுப் பாரேன்" என்றார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். "எங்க மாமா உங்க சிங்கம்? கர்ஜிக்கச் சொல்லுங்க பாப்போம்" என்று கோட்டோடு உட்கார்ந்துகொண்டாள். இவர் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளே போனார். டேப்லெட்டை எடுத்துவந்து, அடுப்பின் வயிற்றுக்குள் நிறுத்தி, ஏதோ தட்டி, கதவைச் சாத்தினார். அடடா! செக்கச் செவேலென்று தீ எரிகிறது. படபடவென்று விறகு வெடிக்கிற சத்தம்கூட வருகிறது. மச்சினி விஷயம் புரியாமல் கையை நீட்டிக் காயப்போனாள்.

"என்ன மாமா, தீ இப்படி எரியுது, சூடே வரலையே?"

"அது... சூடு மெதுவாத்தான் ஏறும்."

அந்த நேரம் பார்த்துத் தீ நின்று, அதன் நடுவில் தலைவலி மாத்திரை விளம்பரம் ஒன்று வந்தது. மச்சினி சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து, இரும்புல அடுப்பு வாங்கி, அதுக்குள்ள சினிமாவா ஓட்டுறீங்க? ஐயோ அக்கா, நீ எப்படித்தான் இந்த மனுஷனோட..." அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரல்களை அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டாள். வெண்ணெய்யைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். வெண்ணெய்யைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பெண்டாட்டியைப் பட்டினி போட்டவனை இங்கேதான் பார்க்கலாம்.

இந்த வாரம் வந்தது பெரிய வேலை. வெள்ளைக் கவுன், கழுத்திலிருந்து இடுப்புவரை கடுகு கடுகாக முத்து. சனிக்கிழமை காலையில் மணப்பெண்ணே நேரில் வந்து வாங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை, இவர் வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்தாள். முதல் முத்து உருண்டது. இரண்டாவதும் உருண்டது. மூன்றாவதைத் தைக்கும்போது ஊசி விரலில் ஏறி, ஏறியதே தெரியாமல், வெள்ளைத் துணிக்கு ஒரு நூல் இடைவெளியில் ரத்தம் நின்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள். அது பளபளவென்று, அவள் முகத்தையே அவளுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"போடா நீயும் உன் கண்ணாடியும்" என்றாள், அடுப்பைத்தானோ, வேறு யாரையோ.

கவுனைப் பெட்ஷீட்டில் சுற்றி அடுத்த அறையில் வைத்தாள். தோட்ட வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டாள். அவர் பாடத்தைத் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம். பெரிய விறகு அடியில், சின்னது மேலே, சுள்ளி அதற்கும் மேலே, தீ உச்சியில், காற்றுத் திறப்பு முழுக்கத் திறப்பு. அவருடைய புத்தக அலமாரியிலிருந்துதான் எடுத்தாள், அதிலும் நல்லதாகப் பார்த்து. குச்சியைக் கிழித்து வைத்தாள். காய்ந்த விறகு, என்ன செய்யும்? குப்பென்று பிடித்துக்கொண்டது. கைப்பிடி சுட்டது. அவர் மறந்துவிட்டுப் போன மஞ்சள் துணி அடுப்பின் மேலே கிடந்தது. அதைக் கைப்பிடியில் சுற்றித் திறந்தாள், விறகு போட்டாள், மூடினாள். அரைமணியில் ஒரு ஸ்வெட்டர் கழன்றது. அப்புறம் இன்னொன்று. கையுறையைக் கழற்றி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கவுனைக் கொண்டுவந்து அடுப்புக்கு எட்டாத தூரத்தில் விரித்தாள். விரல்கள் அவளுடையவை ஆகிவிட்டன. முத்து ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. அவளுக்குப் பாட்டுக்கூட வந்தது.

சாயங்காலம் ஆராய்ச்சி கதவைத் திறந்தபோது அவள் கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து அவருக்குக் கண் தெரியவில்லை.

"யாரு... யாரைக் கேட்டு பத்த வச்ச?"

"குளிரைக் கேட்டு" என்றாள். "கதவைச் சாத்துங்க, சூடு போகுது."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் குந்தினார். திட்டுவதற்கென்று திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே தீ நின்று எரிகிறது. கண்ணாடி தண்ணி மாதிரி தெளிந்து கிடக்கிறது. கீழ் மூலையில் மட்டும் விரல் நகம் அகலத்துக்கு ஒரு பழுப்பு. மூக்கைச் சுளித்தார், நிமிர்ந்தார், கைகளை நீட்டிக் காய்ந்தார், முகத்தைக் காய்ச்சிக்கொண்டார். பிறகு திரும்பி நின்று, அந்தக் காலத்து கேஸ் ஹீட்டரின் முன்னால் நின்ற அதே கோலத்தில், முதுகைக் காய்ச்சிக்கொண்டார். கவுனைப் பார்க்கவில்லை. போனை எடுத்து மச்சினிக்குப் போட்டார்.

"அன்னைக்குச் சிரிச்சியே, இப்ப வந்து பாரு! ... ஆமா, எரியுது. நிஜத் தீதான். ... பின்ன? இன்னைக்குத்தான் விறகு பக்குவத்துக்கு வந்துச்சு. எதுக்கும் ஒரு நேரம் இருக்கும்மா, அவசரப்பட்டா முடியுமா? நான் சொன்ன மாதிரியே கண்ணாடியில ஒரு கறை இல்ல. ... யாரா? நான்தான் பத்த வச்சேன், வேற யாரு?"

அவள் கவுனை ஹேங்கரில் மாட்டி, பெட்ஷீட்டால் போர்த்தி, அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து, அடுப்புக்கு விறகு போட மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டாள்.

பேச்சு நிற்கவில்லை. பேசிக்கொண்டே மறுபடி குந்தி அந்த மூலைப் பழுப்பைப் பார்த்தார். இடது கை சட்டைப் பையைத் தடவியது. அங்கே எதுவும் இல்லை. அடுப்பின் மேலே தடவப்போய், சுட்டுக்கொண்டு பின்வாங்கியது. மஞ்சள் துணி, கரியும் சாம்பலுமாக, அவள் கையில் இருந்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, விரல்களை விரித்துக் காத்திருந்தது.

அவள் அந்தக் கையில் ஒரு விறகை வைத்தாள்.