சவுக்காரம் போட்டுக் கழுவிய குஞ்சு

கிராம சேவிகா வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நடந்து சில வருஷங்கள் ஆகியும் எனக்குக் கோபம் தணியவில்லை.

1. சாயம்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு மாதர் சங்கத்துக்கு பிளாக் ஆபீசிலிருந்து ஒயிட் லெகார்ன் என்ற வெள்ளை இனக் கோழிக்குஞ்சுகள் கொடுத்தோம். வாங்கியவர்களில் ஒருவர் முத்துக்கண்ணு அக்கா. கணவர் இறந்துவிட்டார். முட்டை விற்றுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கைக்குழந்தையோடு வரும் என்னை "டீச்சரு" என்பார்.

செம்மண் தரையில் வெள்ளைக் குஞ்சு வானத்திலிருந்தே தெரியும். இதைப் பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. குஞ்சுகளை வெளியே விட்ட சில நாட்களிலேயே முந்திரித் தோப்புப் பருந்து இரண்டைத் தூக்கிவிட்டது. மிச்சமிருந்தவற்றுக்கு அக்கா, ஊர் வழக்கப்படி, பாய்க்குப் போடும் ரோஸ் சாயத்தைப் பூசினார். அந்த நிறத்தைக் கண்டு பருந்து தயங்குமாம். என் பாடப் புத்தகத்தில் சாயம் இல்லை. தடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு, சும்மா இருந்தேன்.

பிறகு குஞ்சுகளை மூங்கில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி, நாட்டுக்கோழிகள் மேயும் இடத்திலேயே வைத்தோம். பெரிய கோழிகள் முதலில் இடுக்கு வழியாகக் கொத்தப் பார்த்தன. பழகியதும் விட்டுவிட்டன. அதன் பிறகே, அந்தி நேரங்களில், இரை போட்டுத் திறந்துவிட்டோம். ஒரே தட்டில் தின்றன. எனக்கு உயிர் வந்தது.

2. ஜீப்

மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்த நாளில், எங்கள் எக்ஸ்டென்ஷன் ஆபீசர் பியூனோடு முன்னதாகவே வந்தார்.

"என்னம்மா இது, சர்க்கஸா? நாம குடுத்தது ஒயிட் லெகார்ன். ரோஸ் கலரப் பார்த்தா பெரியவரு, வித்துட்டு நாட்டுக்குஞ்ச வச்சிருக்காங்கம்பாரு. கழுவுங்க."

"சார், இதுங்க இப்பத்தான் பழைய கோழிங்களோட சேருது. கொஞ்ச நாள் போகட்டுமே," என்றேன்.

"கோழிக்கு என்னம்மா தெரியும் கலரு?"

முத்துக்கண்ணு அக்கா என் மகளைப் பார்த்தார். "டீச்சரு, ஒங்க புள்ள கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வச்சிருக்கீகளே. அதையும் கழுவச் சொல்றாகளான்னு கேட்டுக்கிருங்க."

ஆபீசர் பியூனிடம் சவுக்காரத்தைக் கொடுத்தார். பியூன் ஒரு குஞ்சைத் தேய்த்துக் கழுவினார். சாயம் பாதிதான் போனது. வெள்ளையும் இல்லை, ரோஸும் இல்லை. கீழே விட்டதும், காலையில் அதோடு சேர்ந்து தின்ற பழுப்புப் பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. நாங்கள் விரட்டுவதற்குள் குஞ்சின் கண்ணோரம் ரத்தம்.

அக்கா அதை முந்தானையில் சுற்றி எடுத்தார். மீதிக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார்.

"எடும்மா அத."

"மாட்டேங்க. ஒங்க பெரியவருக்கு வெள்ளையாத்தான் வேணும்னா கம்மாயில கொக்கு நிக்கிது. அங்கிட்டுக் கூட்டிப்போய்க் காட்டுங்க."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எடுங்க. இது ஆர்டர்."

அப்போது என் வேலை டெம்பரரி. அந்தச் சம்பளத்தில்தான் மகளுக்குப் பால். குழவியின் மேல் கை வைத்தேன். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்க மாட்டேன் சார். என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. மேலதிகாரி இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே இளநீர் குடித்தார். "எல்லாம் நல்லா வளருதா?" என்று கேட்டார். "அத்தனையும் ஒயிட் லெகார்ன் சார்," என்றார் எங்கள் ஆபீசர். ஜீப் போய்விட்டது. பஞ்சாரத்தின் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. இதற்காகவா ஒரு குஞ்சின் கண் போக வேண்டும்?

3. சொல்ல வேண்டியது

என்னைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. எழுதினால் எதற்கு என்று விளக்க வேண்டுமே. அந்த ஒற்றைக்கண் குஞ்சுக்கு மறுபடி சாயம் பூசிப் பார்த்தோம். காயத்தைக் கண்டு மற்றவை கொத்தின. கடைசி வரை அது தனியாகவே வளர்ந்தது.

சாயம் உண்மையில் பருந்தைத் தடுக்கிறதா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். நிழலும் ஆள் காவலும் எப்படியும் வேண்டும். ஆனால் கூட்டத்தோடு பழகிவிட்ட குஞ்சின் தோற்றத்தை மாற்றக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளையாகப் பார்க்க விரும்பும் அதிகாரியை, சாயம் பூசுவதற்கு முன்னால் வரச் சொல்லுங்கள். வரும்போது ஜீப்பை விட்டு இறங்கவும் சொல்லுங்கள்.